கள் குடிக்காத மாமாவுக்கு ஏன் கொழுப்பு ஈரல்? டெலோமரேஸ் பற்றி ஓர் எளிய விளக்கம்

கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் என் மாமாவுக்கு இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. அதில் பாதி மரங்களைக் கள் இறக்கக் குத்தகைக்கு விட்டிருக்கிறார். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும், விடிவதற்கு முன்னாலேயே கள் வண்டிகள் ஓட ஆரம்பித்துவிடும், சனி ஞாயிறு வந்தால் பொள்ளாச்சிப் பக்கத்து ஆட்கள் எல்லை தாண்டிக் கள்ளுக்கடைக்கு வந்துவிடுவார்கள். இத்தனைக்கும் நடுவில் ஐம்பத்து நாலு வருடமாக ஒரு சொட்டு நாக்கில் வைக்காத மனிதர் மாமா. போன வருடம் வயிற்று வலி என்று ஸ்கேன் எடுக்கப் போனவருக்கு 'கிரேடு 2 ஃபேட்டி லிவர்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ரிப்போர்ட்டை என் கையில் திணித்து, "என்ன மாப்ளே இது, மரத்தக் குத்தகைக்கு விட்டதுக்கே வந்துருச்சா?" என்றார்.

நான் டாக்டர் இல்லை, பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுப்பவன். முதல் கேள்விக்குப் பதில் சொல்வது எனக்குச் சுலபமாகத்தான் இருந்தது. இரண்டாவதாக ஒன்று கேட்டார் பாருங்கள், அதற்குத்தான் நான் நாலைந்து நாள் உட்கார்ந்து படிக்க வேண்டியதாயிற்று. பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கும் பத்து வருடத்துக்கு முன்னால் இதே கிரேடு 2தான். அவரும் குடிக்காதவர். இப்போது அவருக்கு ஈரல் சுருங்கி, வயிற்றில் நீர் கோத்து, மாதம் ஒருமுறை கோயம்புத்தூர் போய் நீர் எடுத்துவிட்டு வருகிறார். "ரெண்டு பேருக்கும் ஒரே கிரேடு. அவருக்கு மட்டும் ஏன் அப்படியாச்சு? எனக்கும் அப்படி ஆகுமா?"

நல்ல கேள்வி. இதற்கு ஒரே பதில் கிடையாது. சர்க்கரை நோய், உடம்பு எடை, பரம்பரை எல்லாம் அதில் சேரும். அதில் அதிகம் பேசப்படாத ஒரு பங்கு டெலோமரேஸ் என்கிற என்சைமுக்கு, அதாவது செல்லுக்குள் ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்து முடிக்கிற புரத வகைக்கு, இருக்கிறது.

சரி, முதலில் கொழுப்பு ஈரல். ஈரல் செல்களில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் கொழுப்புத் துளி தேங்கினால் அதற்கு இந்தப் பெயர். குடி ஒரு காரணம், அவ்வளவுதான். சாப்பிடும் மாவுச்சத்தும் சர்க்கரையும் செலவாகாமல் மிஞ்சி, இன்சுலின் சொல்வதை உடம்பு கேட்காமல் போனால், ஈரல் அந்த மிச்சத்தையெல்லாம் கொழுப்பாக்கி வைத்துக்கொள்ளும். மாமா கள் குடிக்கவில்லை, ஆனால் நாளைக்கு ஐந்து சாயா, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை, சாயங்காலம் நேந்திரங்காய் சிப்ஸ், ராத்திரி பரோட்டா. தொப்பையே இல்லாத ஆட்களுக்கும் நம் ஊர்ப்பக்கம் இது வருகிறது, அதனால் ஒல்லியாக இருக்கிறோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது. 2023இல் இந்த நோயின் ஆங்கிலப் பெயரையே மாற்றிவிட்டார்கள். முன்பு 'குடியால் வராத கொழுப்பு ஈரல்' என்று இருந்ததை, உடம்பின் வளர்சிதை மாற்றக் கோளாறோடு சேர்ந்த கொழுப்பு ஈரல் என்ற பொருளில் ஒரு நீண்ட பெயராக்கி, சுருக்கமாக மாஸ்ல்டு என்கிறார்கள். ஒரு நோயை அது எது இல்லை என்பதை வைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம், மாற்றியது நல்லதுதான்.

கொழுப்பு சும்மா தேங்கிக் கிடந்தால் பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாள் முழுக்கப் பெரிய தொந்தரவு வராது. சிலருக்குத்தான் அதன்மேல் அழற்சி ஏறும், அழற்சி நீடித்தால் தழும்பு விழும், தழும்பு கூடினால் ஈரல் இறுகிச் சிரோசிஸ் ஆகும், அதற்கும் மேலே போனால் புற்றுநோய். இந்த ஏணியில் யார் முதல் படியிலேயே நின்றுவிடுகிறார், யார் மேலே ஏறிக்கொண்டே போகிறார் என்பதுதான் மாமாவின் கேள்வி.

மலையாளத்தில் ஈரலுக்குக் 'கரள்' என்று பெயர், மனசுக்குப் பிடித்தவர்களைக் 'கரளே' என்று கூப்பிடுவார்கள். நாம் கண்ணே என்போம், அவர்களுக்கு ஈரல். ஒருவிதத்தில் அது சரியான தேர்வு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் வெட்டினாலும் வளர்கிற உறுப்பு அது. ஈரல் தானம் கொடுப்பவர் பாதிக்கு மேல் கொடுத்தாலும் சில மாதங்களில் மிச்சம் வளர்ந்து பழைய அளவை ஏறக்குறைய எட்டிவிடும். 2022இல் வெளியான ஓர் ஆய்வில், மனித ஈரலின் சராசரி வயது மூன்று வருடத்துக்கும் குறைவு என்று கணக்கிட்டார்கள், ஆளுக்கு இருபது வயதானாலும் சரி, எண்பதானாலும் சரி. மாமாவுக்கு 54, மாமாவின் ஈரலுக்கு மூன்று!

ஆனால் புதுப்பித்துக்கொண்டே இருப்பதற்கு ஒரு விலை உண்டு. ஈரல் செல் இரண்டாகப் பிரிந்துதான் புது செல் வர வேண்டும். ஒவ்வொரு தடவை பிரியும்போதும் செல்லுக்குள் இருக்கும் டிஎன்ஏ முழுவதையும் நகலெடுக்க வேண்டும். அங்கேதான் சிக்கல்.

டிஎன்ஏ என்பது நான்கே வேதி எழுத்துகளில் மரபுச் செய்தி எழுதிய நீண்ட இழை. அது நம் செல்லுக்குள் 46 துண்டுகளாக இருக்கிறது, அந்தத் துண்டுகள்தான் குரோமோசோம். எந்த இழைக்கும் முனை என்று ஒன்று இருந்தால் அது பிரியும் என்பது தறி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். அதனால்தானே புடவை முந்தானையில் குஞ்சம் கட்டுகிறோம். குஞ்சத்தில் சரிகை கிடையாது, பூவேலை கிடையாது, உள்ளே இருக்கும் நெசவு பிரியாமல் காப்பதுதான் அதன் வேலை. குரோமோசோமின் இரண்டு முனையிலும் அப்படி ஒரு குஞ்சம் இருக்கிறது. அதன் பெயர் டெலோமியர். அதில் மரபுச் செய்தி எதுவும் எழுதியிருக்காது, டி-டி-ஏ-ஜி-ஜி-ஜி என்ற ஆறே எழுத்து திரும்பத் திரும்ப வரும். பிறக்கும்போது ஒவ்வொரு முனையிலும் ஏறத்தாழ 10,000 முதல் 15,000 எழுத்து நீளத்துக்கு அது ஓடும்.

இந்தக் குஞ்சம் ஏன் தேய்கிறது? டிராக்டரில் உழும்போது பாருங்கள், வரப்போரத்தில் ஒரு துண்டு நிலம் உழாமலேயே நிற்கும். வண்டி நிற்கிற இடத்தையே வண்டியால் உழ முடியாது, திரும்புவதற்கும் இடம் வேண்டும். டிஎன்ஏவை நகலெடுக்கும் என்சைமுக்கும் இதே கதைதான். அது கால் வைத்து ஆரம்பிக்க ஒரு சின்னத் துண்டு வேண்டும், ஒரு இழையின் கடைசி முனையில் அந்தத் துண்டை எடுத்த பிறகு அந்த இடத்தை நிரப்ப ஆள் இல்லை. அதனால் ஒவ்வொரு நகலிலும் முனை கொஞ்சம் குறையும், மனித செல்லில் தடவைக்குச் சுமார் 50 முதல் 100 எழுத்து. இதை முதலில் யோசித்தவர்களில் ஒருவர் அலெக்ஸி ஒலோவ்னிகோவ் என்ற ரஷ்யர். மாஸ்கோவில் ஒரு சொற்பொழிவு கேட்டுவிட்டுச் சுரங்க ரயில் நிலையத்தில் நின்றபோது, ரயில் என்சைம் என்றால் அது நிற்கிற இடத்துத் தண்டவாளம் நகலாகாதே என்று அவருக்குப் பொறி தட்டியதாகச் சொல்வார்கள், 1971இல் கட்டுரையாக எழுதினார். அவருக்கு ரயில், நமக்கு டிராக்டர். இதற்குப் பத்து வருடம் முன்பே, 1961இல், லெனார்ட் ஹேஃப்லிக் மனித செல்களைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்துப் பார்த்து, அவை 40லிருந்து 60 தடவை பிரிந்துவிட்டு நின்றுவிடுகின்றன என்று காட்டியிருந்தார். ஏன் நிற்கின்றன என்பதற்கான விடை குஞ்சத்தில் இருந்தது.

அப்படியானால் ஒரு சந்தேகம் வர வேண்டும். அப்பாவின் விந்தணுவும் அம்மாவின் முட்டையும் எத்தனையோ தலைமுறையாகப் பிரிந்து பிரிந்து வந்தவை, குஞ்சம் எப்போதோ தீர்ந்திருக்க வேண்டுமே? தீரவில்லை, ஏனென்றால் அங்கே அதைத் திரும்பக் கட்டித் தருகிற ஆள் இருக்கிறார். அந்த ஆள்தான் டெலோமரேஸ். (டெலோமியர், டெலோமரேஸ் இரண்டும் குழப்பும். 'ஏஸ்' என்று முடிந்தால் என்சைம் என்று வைத்துக்கொள்ளுங்கள். லைபேஸ், அமைலேஸ் மாதிரி.)

மார்கழியில் சில வீட்டு வாசலில் கோலக்குழலை உருட்டுவார்களே, துளை போட்ட குழாய்க்குள் மாவை நிரப்பி உருட்டிக்கொண்டே போனால் ஒரே பூ வரிசையாக விழும். டெலோமரேஸ் கிட்டத்தட்ட அதேதான். அதற்குள் டிஎன்ஏவுக்கு நெருங்கிய உறவான ஆர்என்ஏவின் சின்னத் துண்டு ஒன்று இருக்கிறது, அது அச்சு. கூடவே டெர்ட் என்ற புரதம் இருக்கிறது, அது உருட்டுகிற கை. முனையில் போய் உட்கார்ந்து ஆறு எழுத்தைச் சேர்க்கும், நகரும், இன்னொரு ஆறு எழுத்து. அச்சைத் தானே சுமந்துகொண்டு போவதால் அதற்கு வேறு எதையும் பார்த்து எழுத வேண்டியதில்லை. 1984ஆம் வருடம் கிறிஸ்துமஸ் அன்று, கலிபோர்னியாவில் ஆய்வு மாணவியாக இருந்த கரோல் கிரைடர் ஆய்வகத்துக்குப் போய், டெட்ராஹைமெனா என்ற குளத்து நீர் ஒற்றைச் செல் உயிரியில் இதன் வேலையை முதல்முதலாகப் பார்த்தார். அவருடைய வழிகாட்டி எலிசபெத் பிளாக்பர்ன். இருவரும் ஜாக் ஷோஸ்டாக்கோடு சேர்ந்து 2009இல் மருத்துவ நோபல் வாங்கினார்கள். குளத்துப் பாசியில் நீந்துகிற ஓர் உயிரியிலிருந்து நோபல்.

நம் உடம்பின் பெரும்பாலான வளர்ந்த செல்களில் இந்த என்சைமை அணைத்துத்தான் வைத்திருக்கிறது உடம்பு. ஏன் அணைத்து வைக்க வேண்டும், எல்லாவற்றிலும் ஓடவிட்டால் கிழடே தட்டாதே என்று வகுப்பில் பையன்கள் கேட்பார்கள். அளவில்லாமல் பிரிகிற செல்லுக்கு வேறொரு பெயர் இருக்கிறது, அதனால்தான். புற்றுநோய்களில் நூற்றுக்கு 85 முதல் 90 வரை டெலோமரேஸை மறுபடி உசுப்பிவிட்டுத்தான் வளர்கின்றன. குஞ்சம் தேய்வது உடம்பு போட்டு வைத்த பிரேக். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இப்போது மாமாவின் ஈரலுக்கு வருவோம்.

சாதாரண ஈரலில் செல்கள் நிதானமாகத்தான் பிரியும். கொழுப்பேறிய ஈரலில் நிலைமை வேறு. தேங்கிய கொழுப்பில் சில வகைகள் செல்லுக்கு நஞ்சு மாதிரி, செல்கள் சாகும். செத்த இடத்தை நிரப்பப் பக்கத்து செல் பிரியும். அதுவும் கொழுப்பேறும், அதுவும் சாகும், இன்னொன்று பிரியும். பத்து இருபது வருடத்துக்கு இப்படி ஓடினால், சாவகாசமாகச் செலவாக வேண்டிய குஞ்சம் அவசர அவசரமாகச் செலவாகிறது. இது ஒரு வழி. இன்னொரு வழி இருக்கிறது, அது எனக்கே புதிதாக இருந்தது: பிரியாமலேயே குஞ்சம் கெடும். செல்லுக்குள் எரிபொருளை எரித்துச் சக்தி தருகிற அடுப்பு மாதிரியான உறுப்புக்கு மைட்டோகாண்ட்ரியா என்று பெயர். கொழுப்பை எரித்து எரித்து ஓய்ந்த மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து புகை மாதிரி, எதையும் சட்டென்று தாக்கக்கூடிய ஆக்சிஜன் மூலக்கூறுகள் கசிகின்றன, அவை டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் 'ஜி'யைத்தான் முதலில் கடிக்கும். டெலோமியரின் ஆறு எழுத்தில் மூன்று ஜி, அதுவும் வரிசையாக. போதாததற்கு, டிஎன்ஏவின் மற்ற இடங்களில் விழுகிற ஓட்டையை அடைக்கிற வேகத்தில் டெலோமியரில் அடைப்பதில்லை. கறையான் தோப்புக்குள் வந்தால் முதலில் காய்ந்த மட்டையைத்தான் தேடும் என்கிற மாதிரி.

குஞ்சம் ஒரு அளவுக்குக் கீழே போனதும், செல் அதை 'டிஎன்ஏ அறுந்துவிட்டது' என்று புரிந்துகொள்கிறது. பி53 என்ற காவல்காரப் புரதம் எழுந்து, இனிமேல் பிரியக் கூடாது என்று நிறுத்திவிடும். இப்படி நின்றுபோன செல்லை முதுமையடைந்த செல் என்கிறார்கள். முதுமை என்றதும் திண்ணையில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் தாத்தா ஞாபகம் வரும், இந்த செல் அப்படிப்பட்டது கிடையாது. சாகவும் சாகாது, வேலையும் செய்யாது, நாள் முழுக்கச் சுற்றியிருப்பவர்களை வம்புக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். அழற்சியைத் தூண்டும் பொருட்களைக் கக்கிக்கொண்டே இருக்கும். அதைக் கேட்டு, ஈரலில் ஓரமாகத் தூங்கிக்கொண்டிருக்கும் நட்சத்திர வடிவ செல்கள் விழித்து, கொலாஜன் என்ற நாரை உற்பத்தி செய்ய ஆரம்பிக்கும். அந்த நார்தான் தழும்பு. கொத்தனார் வராத வீட்டில் விரிசலுக்குச் சிமெண்டைக் குழைத்து அப்பிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? சுவர் நிற்கும், அறை சின்னதாகிக்கொண்டே போகும். சிரோசிஸ் வந்த ஈரலை எடுத்துப் பார்த்தால், காரணம் குடியானாலும் வைரஸானாலும் கொழுப்பானாலும், ஈரல் செல்களின் டெலோமியர் குட்டையாகத்தான் இருக்கிறது என்று 2002இலேயே காட்டிவிட்டார்கள்.

இதுவரை கொழுப்பு குஞ்சத்தைத் தேய்க்கிறது என்று சொன்னேன். திருப்பியும் நடக்கிறது என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த, கொஞ்சம் பயமுறுத்திய இடம். குஞ்சம் தேய்ந்து பி53 எழுந்தால், அது மைட்டோகாண்ட்ரியாவைப் பராமரிக்கும் ஜீன்களின் குரலையும் அமுக்கிவிடுகிறது, எலிகளில் 2011இல் இதைக் கண்டார்கள். மைட்டோகாண்ட்ரியா சோர்ந்தால் கொழுப்பை எரிப்பது யார்? எரியாத கொழுப்பு செல்லிலேயே தேங்கும். 2017இல் இன்னொரு குழு எலிகளின் ஈரலில் இருந்த முதுமையடைந்த செல்களைத் தேர்ந்தெடுத்து அழித்துப் பார்த்தது, ஈரல் கொழுப்பு குறைந்தது. கொழுப்பு வேறு, முதுமையடைந்த செல் வேறு என்று நினைத்தோம், இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிட்டுக்கொண்டிருக்கின்றன. கொழுப்பால் குஞ்சம் தேய்கிறது, குஞ்சம் தேய்வதால் கொழுப்பு சேர்கிறது. செக்குமாடு மாதிரி ஒரே வட்டம்.

இந்த வட்டத்தை அறுக்க டெலோமரேஸால் முடியுமா? 2000ஆவது வருடம் இதை நேரடியாகச் சோதித்தார்கள். டெலோமரேஸின் அச்சுத் துண்டு இல்லாமல் சில தலைமுறை வளர்த்த எலிகளுக்கு ஈரலைக் கெடுக்கும் ரசாயனத்தைக் கொடுத்தால் சிரோசிஸ் சீக்கிரமாக வந்தது. அதே எலிகளுக்கு, விட்டுப்போன ஜீனை வைரஸில் ஏற்றி ஈரலுக்கு அனுப்பினால் தழும்பு குறைந்தது, ஈரல் வேலையும் தேறியது. சில தலைமுறை என்று ஏன் சொன்னேன் என்றால், ஆய்வக எலிகளின் டெலோமியர் நம்முடையதைவிடப் பல மடங்கு நீளம், ஒரே தலைமுறையில் அது தீராது. டெலோமரேஸ் இல்லாத எலிகளுக்குக் கொழுப்புத் தீனி போட்டுப் பார்த்தபோதும், மற்ற எலிகள் தாங்கிய சுமையை அவற்றின் ஈரல் தாங்கவில்லை. எலிக்கு நடந்தது மனுஷனுக்கும் அப்படியே நடக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, ஆனால் கை காட்டுகிற திசை தெரிகிறது.

2018இல் வந்த ஆய்வு இன்னும் சுவாரசியம். எலி ஈரலில் எல்லா செல்லிலும் டெலோமரேஸ் அணைந்திருக்கவில்லை, நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து செல்களில் அது நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது, அந்த செல்கள் ஓரிடத்தில் கூட்டமாக இல்லாமல் ஈரல் முழுக்க அங்கங்கே தூவினாற்போல் இருக்கின்றன. ஈரல் காயப்பட்டால் அவைதான் முன்னால் வந்து பிரிந்து இடத்தை நிரப்புகின்றன. அவற்றை நீக்கிவிட்டுக் காயப்படுத்தினால் தழும்பு கூடுகிறது. நெல் வயலில் விதைக்கு என்று கொஞ்சம் கதிரைத் தனியாக விட்டுவைப்போமே, ஏறக்குறைய அப்படி.

மனிதர்களுக்கு வருவோம், மாமாவின் கேள்வி இங்கேதான் பதிலைத் தொடுகிறது. சிலர் பிறக்கும்போதே டெலோமரேஸ் ஜீனில் ஒரு பிழையோடு பிறக்கிறார்கள். கோலக்குழல் இருக்கும், ஆனால் இரண்டு துளை அடைத்திருக்கும். 2011இல் சிரோசிஸ் நோயாளிகளின் ஜீன்களைப் பரிசோதித்தபோது, நோயில்லாத மற்றவர்களைவிட அவர்களிடம் இந்தப் பிழைகள் அதிகமாகத் தென்பட்டன. இப்படிப்பட்ட குடும்பங்களில் ஒரு சாயல் தெரியும்: முப்பது வயதுக்கு முன்னாலேயே தலை முழுக்க நரை, ஒருவருக்கு நுரையீரல் தழும்பு, இன்னொருவருக்கு எலும்பு மஜ்ஜை ரத்தத்தைச் சரியாக ஊற வைக்காது, வேறொருவருக்குக் காரணம் தெரியாத சிரோசிஸ். தனித்தனியாகப் பார்த்தால் நாலு நோய், சேர்த்துப் பார்த்தால் ஒரே குஞ்சம். இந்த மாதிரி ஒருவருக்குக் கொழுப்பு ஈரலும் சேர்ந்து வந்தால், அதே பரோட்டா, அதே கிரேடு, ஆனால் தாங்கும் சக்தி வேறு. இது அபூர்வம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை, அவருக்கு இருபது வருடச் சர்க்கரை நோய் உண்டு, அதுவே போதும். பெரிய பிழை இல்லாதவர்களுக்கும் டெலோமியர் நீளம் ஆளுக்கு ஆள் மாறும், அப்பா அம்மாவிடமிருந்து வாங்கி வந்த கையிருப்பு அது.

இனி அந்த பிரேக் விஷயம். நூற்றுக்கணக்கான செல்கள் குஞ்சம் தீர்ந்து நிற்கிற சிரோசிஸ் ஈரலில், ஒரு செல்லுக்கு மட்டும் எப்படியாவது டெலோமரேஸை மறுபடி உசுப்ப வழி கிடைத்தால் என்ன ஆகும்? மற்றவை நிற்கும்போது அது மட்டும் பிரிந்துகொண்டே போகும். நிஜத்தில் நடப்பதும் அதுதான். டெர்ட் ஜீனுக்கு முன்னால் அதை அணைக்கிற, எழுப்புகிற சுவிட்ச் மாதிரி ஒரு பகுதி இருக்கிறது. அங்கே ஒரே ஓர் எழுத்து மாறினால் போதும், அணைந்து கிடந்த ஜீன் எழுந்துவிடும். ஈரல் புற்றுநோய்களில் ஏறத்தாழ பாதியிலோ அதற்கு மேலோ இந்த மாற்றம் இருக்கிறது, அதுவும் கட்டி முற்றுவதற்கு முன்னால், சந்தேகத்துக்குரிய சின்ன முடிச்சாக இருக்கும்போதே வந்துவிடுகிறது. ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸும் தன் டிஎன்ஏவை இந்த ஜீனுக்குப் பக்கத்தில் செருகி இதே வேலையைச் செய்வது உண்டு. ஆரம்பத்தில் டெலோமரேஸ் குறைவு என்பதால் சிரோசிஸ், கடைசியில் டெலோமரேஸ் அதிகம் என்பதால் புற்றுநோய். உப்பு மாதிரிதான், இல்லாவிட்டாலும் சோறு இறங்காது, கொட்டினாலும் இறங்காது.

அதனால்தான் 'டெலோமரேஸைத் தூண்டும்' மாத்திரை என்று இணையத்தில் விற்பதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. பெரும்பாலும் அஸ்ட்ராகலஸ் என்ற சீன மூலிகை வேரின் சாறுதான், விலை மட்டும் ஆயிரக்கணக்கில். கொழுப்பு ஈரலை அது குணப்படுத்தும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஏற்கெனவே தழும்பேறிய ஈரலில் எந்த செல்லைத் தூண்டுகிறோம் என்று தெரியாமல் தூண்டுவது எவ்வளவு புத்திசாலித்தனம் என்று மேலே சொன்னதைப் படித்தவர்களே முடிவு செய்துகொள்ளலாம். டெலோமியர் குறைபாட்டு நோய் உள்ளவர்களுக்கு டானசோல் என்ற ஹார்மோன் மருந்து கொடுத்து டெலோமியர் நீண்டதை 2016இல் மருத்துவர்கள் காட்டினார்கள், உண்மைதான். ஆனால் அது அந்த அபூர்வ நோய்க்காரர்களுக்கு, மருத்துவர் கண்காணிப்பில், அதோடு அந்த மருந்தே ஈரலைத் தொந்தரவு செய்யக்கூடியது. மூலிகை என்றால் ஈரலுக்குக் கெடுதல் வராது என்ற நம்பிக்கை எல்லைக்கு இந்தப் பக்கமும் உண்டு, அந்தப் பக்கமும் உண்டு. கொரோனா காலத்தில் சீந்தில் கொடி சாப்பிட்டு ஈரல் அழற்சி வந்தவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதியிருக்கிறார்கள். மாமா ஏற்கெனவே கீழாநெல்லியும் இன்னும் நாலு வேரும் சேர்த்து அரைத்த உருண்டை ஒன்றை விழுங்கிக்கொண்டிருந்தார், அதை நிறுத்த வைக்கவே ஒரு வாரம் ஆனது.

டெலோமியர் நீளத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனை இருக்கிறதே, எடுத்துப் பார்க்கலாமா என்றும் கேட்டார். அது வெள்ளையணுக்களின் குஞ்சத்தை அளப்பது, ஈரலுக்குள் என்ன நடக்கிறது என்று நேராகச் சொல்லாது. மேலே சொன்ன குடும்பச் சாயல் இருந்தால் மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும், அப்போது அந்தப் பரிசோதனைக்கு அர்த்தம் உண்டு. மற்றவர்களுக்குப் பணம் மிச்சம்.

அதைவிட உருப்படியான, கிட்டத்தட்ட இலவசமான கணக்கு ஒன்று இருக்கிறது. ஸ்கேனில் போடுகிற கிரேடு கொழுப்பு எவ்வளவு என்று மட்டும்தான் சொல்லும், தழும்பு எவ்வளவு என்று சொல்லாது. மாமாவும் பக்கத்துத் தோட்டத்துக்காரரும் 'ஒரே கிரேடு' என்று ஒப்பிட்டதில் தவறே அங்கேதான். தழும்பின் சாத்தியத்தைக் குத்துமதிப்பாகப் பார்க்க ஃபிப்-4 என்ற கணக்கைப் போடலாம். அதற்கு ரத்தப் பரிசோதனையில் வரும் மூன்று எண்கள் வேண்டும்: ஏஎஸ்டி, ஏஎல்டி என்ற இரண்டு ஈரல் என்சைம்களின் அளவு, ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட்டின் எண்ணிக்கை. கணக்கு இதுதான்: வயதை ஏஎஸ்டி எண்ணால் பெருக்கி, அதைப் பிளேட்லெட் எண்ணால் (ஆயிரத்தில்) வகுத்து, மறுபடி ஏஎல்டியின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். மாமாவுக்கு வயது 54, ஏஎஸ்டி 36, ஏஎல்டி 49, பிளேட்லெட் 240 ஆயிரம். வாசல் திண்ணையில் உட்கார்ந்து போட்டோம், 1.16 வந்தது. 1.3க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு, 2.67க்கு மேலே போனால் கவலைப்பட வேண்டும், நடுவில் இருந்தால் ஃபைப்ரோஸ்கேன் எடுத்து ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்ப்பார்கள். இளவயதுக்காரர்களுக்கும் 65 தாண்டியவர்களுக்கும் இந்தக் கணக்கு அவ்வளவு சரியாக வராது. எண்ணை எடுத்துக்கொண்டு டாக்டரிடம்தான் போக வேண்டும், மாமாவும் போனார்.

டாக்டர் மாத்திரை எழுதவில்லை. தழும்பு கூடியவர்களுக்கு இப்போது மருந்து வந்திருக்கிறது, ரெஸ்மெட்டிராம் என்ற மருந்துக்கு 2024 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, ஆனால் மாமாவின் நிலைக்கு எடையைக் குறைத்தாலே போதும் என்றார். உடம்பு எடையில் நூற்றுக்கு ஐந்து குறைந்தால் ஈரல் கொழுப்பு இறங்க ஆரம்பிக்கும், ஏழிலிருந்து பத்து குறைந்தால் அழற்சியும் அடங்கும், சிலருக்குத் தழும்பும் குறையும். இதில் டெலோமரேஸ் எங்கே வருகிறது என்றால், எங்கேயும் நேராக வரவில்லை, அதுதான் விஷயமே. கொழுப்பு குறைந்தால் செல் சாவது குறையும், சாவது குறைந்தால் அவசரமாகப் பிரிய வேண்டிய தேவை குறையும், புகை குறையும், இருக்கிற குஞ்சம் மெதுவாகச் செலவாகும். போன நீளத்தைத் திரும்பக் கட்ட நமக்கு வழி இல்லை, செலவைக் குறைக்கத்தான் வழி இருக்கிறது.

மாமா 78 கிலோ இருந்தார். ஏழு சதவீதம் என்றால் ஐந்தரைக் கிலோ. இதுவரை மூன்று இறங்கியிருக்கிறது. பரோட்டா வாரம் ஒன்றாகிவிட்டது, சிப்ஸ் டப்பாவை அத்தை ஒளித்து வைக்கிறார், காலையில் தோப்பைச் சுற்றி நடக்கிறார். ஐந்து சாயாவில் மூன்றைக் கட்டன் காப்பியாக்கச் சொன்னேன், பாலும் சர்க்கரையும் இல்லாமல். காப்பி குடிப்பவர்களுக்கு ஈரல் தழும்பு குறைவாக இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள், காப்பிதான் காரணமா என்று அடித்துச் சொல்ல முடியாவிட்டாலும், இரண்டு கரண்டி சர்க்கரை போகிறதே, அதற்காகவாவது.

போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "எனக்கு நாப்பத்தஞ்சுலயே நரைச்சுருச்சே மாப்ளே, அது அந்தக் குஞ்சமா இருக்குமோ?" என்றார்.

"முப்பதுக்கு முன்னாடின்னு சொன்னேனுங்க மாமா. உங்களது சும்மா நரைதானுங்க."

கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் தெரிந்தார். ஒரு வாய் கட்டன் காப்பியைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.